விசுவரூபம் பூண்ட வாத்தியக்காரர்

எங்கள் வீட்டு முன்னறைச் சுவரிலே விசுவரூப தரிசனப் படம் ஒன்று நெடுங்காலமாகத் தொங்குகின்றது. அப்பாயி வாங்கிய படம் அது. வட்டகொடையில் நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவின் அடுப்புப் புகை படிந்து, கண்ணாடியின் உட்புறமும் பழுப்பேறிவிட்டது. ஆயினும் பல தலைகளும் பல கரங்களுமாகத் திருமால் விரிந்து நிற்கும் அக்கோலம் இன்றும் கண்ணைக் கவரத்தான் செய்கின்றது. அப்பாயி கீதையின் பதினோராம் அத்தியாயத்தைப் படித்தவளல்லள், எழுத்தே அறியாதவள். மாசி மாதத்துக் கூத்துகளிலே விடிய விடியக் கண்விழித்துப் பாரதக் கதையைக் காதாற் கேட்டவள். மாலையிலே கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கால்களில் அட்டை கடித்த குருதியைக் கழுவிக்கொண்டு வந்து, அந்தப் படத்துக்கு முன்னே விளக்கேற்றுவாள்.

கொழும்பிலே தொழில் பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் தீபாவளி விடுமுறைக்கு ஊர் வந்தபோது என்னைக் காண வந்தான். அவன் அணிந்திருந்த பனியனில் அதே விசுவரூபம்! அதே கரங்கள், அதே ஆயுதங்கள், அதே வண்ணப் பிரவாகம். ஆனால் நடுவிலே, இறைவனின் முகம் இருக்கவேண்டிய இடத்தில், அடர்ந்த சுருள்முடியுடன் கறுப்பின வாலிபர் ஒருவரின் முகம். இருபுறத்திலும் வெள்ளையர் இருவரின் முகங்கள். மாணவன் சுவரையும் தன் மார்பையும் மாறி மாறிப் பார்த்தான். நம் தெய்வத்தைப் பரிகசிப்பதற்காக வரைந்த படமோ என்ற ஐயம் அவனுக்கு அப்பொழுதுதான் எழுந்தது. என்னிடம் கேட்டான். தமிழாசிரியனாகிய எனக்கு மேனாட்டு ரொக் இசை பற்றி என்ன தெரியும்? விசாரித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். விசாரிக்கத் தொடங்கியபின் விடமுடியவில்லை. அந்த முகத்துக்குரிய மனிதரின் வரலாறு என்னை அவ்வாறு பிடித்துக்கொண்டது.

அவர் பெயர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ். 1942ஆம் ஆண்டு நவம்பர் 27ஆந் தேதி, அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள சியாட்டில் நகரத்திலே பிறந்தார். தாய் இட்ட பெயர் ஜொனி அலன். அப்போது இராணுவத்தில் இருந்த தந்தையார், போர் முடிந்து திரும்பி வந்து பிள்ளையைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டபின், 1946இல் அப்பெயரை ஜேம்ஸ் மார்ஷல் என மாற்றினார். பெற்றோர் பிரிந்தனர். வறுமையும் இருந்தது. தாய் லூசில் 1958இல் இறந்தபோது பையனுக்கு வயது பதினைந்து. அதற்கு முன்பே அவனை இசைப் பித்துப் பற்றியிருந்தது. வாத்தியம் வாங்க வகையில்லாமல், துடைப்பக் கட்டையைக் கையில் ஏந்தி வாசிப்பதாகப் பாவனை செய்வானாம். தந்தையோடு ஒரு வீட்டின் குப்பையை அப்புறப்படுத்தச் சென்ற இடத்தில் ஒற்றைத் தந்தி மட்டும் எஞ்சியிருந்த சிறு யுக்குலேலி கிடைத்தது. பிறகு ஐந்து டொலருக்கு ஒரு பழைய கித்தார் வந்தது. அவனோ இடக்கைப் பழக்கமுள்ளவன். வலக்கைக்காரருக்கென்று செய்த கித்தாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, தந்திகளை மாற்றிக் கட்டிக்கொண்டான். உலகப் புகழ் பெற்ற பின்னரும் அந்த வழக்கம் அவரை விட்டு அகலவில்லை.

இவ்விடத்தில் அவருடைய பாட்டியாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. தந்தையின் தாயாகிய நோரா, இளமையிலே ஆடல் அரங்குகளில் பணிபுரிந்தவர். பின்னர் எல்லை கடந்து கனடாவின் வன்கூவர் நகரில் குடியேறியவர். தம் குலத்தில் செரோக்கீ இனத்துக் குருதி கலந்திருந்தது என்று அவர் சொல்லிவந்தார். செரோக்கீயர் அமெரிக்க மண்ணின் ஆதிக்குடிகளுள் ஓரினத்தார். விடுமுறைக் காலங்களில் பாட்டியிடம் சென்ற சிறுவன் அம்முன்னோரின் கதைகளைக் கேட்டு வளர்ந்தான். பாட்டி கொடுத்த, குஞ்சங்கள் தொங்கும் சிறு மேற்சட்டையைப் பிறர் என்ன நினைப்பரோ என்று பாராமல் பள்ளிக்கூடத்துக்கு அணிந்து சென்றான். குஞ்சம் வைத்த அந்தச் சட்டையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

திருட்டு மோட்டார் வண்டியில் ஏறிச் சென்று இருமுறை பிடிபட்டதனால், சிறையா பட்டாளமா என்ற நிலை வந்தது. 1961இல் பட்டாளத்தில் சேர்ந்தார். பரசூட்டில் குதிக்கும் படைப்பிரிவிலே ஓராண்டுக்குச் சற்று மேல் இருந்து, 1962இல் விடுவிக்கப்பட்டார். பின்பு நான்கு ஆண்டுகள் தென் மாநிலங்களில் கறுப்பினத்தார் கூடும் சிறு மண்டபங்கள் தோறும் பிறருக்குப் பக்கவாத்தியம் வாசித்துத் திரிந்தார். லிட்டில் ரிச்சர்ட் என்ற புகழ்பெற்ற பாடகரின் குழுவில் இருந்தபோது, தலைவரை விஞ்சிப் பகட்டாக உடுத்தியதற்காகக் கண்டிக்கப்பட்டதும் உண்டு. பாடகர் ஒளிரவேண்டும், பின்னால் நிற்பவர் மங்கியிருக்கவேண்டும் என்பது எந்நாட்டு மேடைக்கும் பொதுவான சட்டம் போலும்.

1966இல் நியூயோர்க்கின் சிறு விடுதி ஒன்றில் அவர் வாசித்ததைச் சாஸ் சாண்ட்லர் என்ற ஆங்கிலேய இசைக்கலைஞர் கேட்டார். கேட்டவர் திகைத்துப்போய், தம் குழுவை விட்டு விலகி, இந்த இளைஞரை உலகறியச் செய்வதே தம் தொழில் என வரித்துக்கொண்டார். அவ்வாண்டு செப்டெம்பர் 24ஆந் தேதி ஹென்ட்ரிக்ஸ் இலண்டனில் வந்து இறங்கினார். நோயல் ரெடிங், மிச் மிச்செல் என்ற ஆங்கிலேய இளைஞர் இருவர் துணையாகச் சேர்ந்தனர். படத்தின் இருமருங்கும் உள்ள வெள்ளை முகங்கள் இவர்களுடையனவே. 1967 மே மாதத்தில் முதல் இசைத்தட்டுத் தொகுதி வெளிவந்தது. அதன் ஆங்கிலப் பதிப்பின் உறைப்படம் ஹென்ட்ரிக்ஸுக்குப் பிடிக்கவில்லை. அமெரிக்கப் பதிப்புக்காக அவர் விருப்பப்படி கார்ல் பெரிஸ் என்ற புகைப்படக் கலைஞர், இலண்டன் கியூ தோட்டத்தில் மூவரையும் நிறுத்தி, மீன்கண் வில்லையால் வேறு படம் பிடித்தார். உறை விஷயத்தில் அவர் பட்ட இடர்களுக்கு அது தொடக்கம்.

அதே ஆண்டு ஜூன் 18ஆந் தேதி கலிபோர்னியாவின் மொன்டரே நகரிலே பெரும் இசைவிழா நடந்தது. அன்று பகலில் பண்டிதர் ரவிசங்கர் சித்தார் வாசித்தார். இரவில் ஹென்ட்ரிக்ஸ் மேடையேறி, வாசிப்பின் முடிவில் தம் கித்தாரின்மேல் எரிநெய் ஊற்றித் தீ மூட்டினார். ரவிசங்கருக்கு அது பொறுக்கவில்லை. வாத்தியத்தை வாணியின் வடிவெனக் கருதி, நவராத்திரியிலே பூவும் பொட்டும் வைத்து வணங்கும் மரபிலே வந்தவர் வேறெவ்வாறு நினைத்திருக்கக்கூடும்? எனக்கும் அச்செய்தியை வாசித்தபோது மனம் கூசியது. ஹென்ட்ரிக்ஸ் அதைத் தாம் நேசித்த பொருளைப் பலியிடும் செயலாகவே கருதினார் என்று அறிந்தபின் சற்றே தணிந்தேன். முற்றாகத் தணிந்தேன் என்று சொல்லமாட்டேன்.

இனி, நம் படத்துக்கு வருவோம். அவருடைய இரண்டாம் தொகுதி, ஆக்சிஸ்: போல்ட் ஆஸ் லவ் என்ற பெயருடையது. 1967 டிசெம்பர் முதலாந் தேதி இங்கிலாந்தில் டிராக் என்ற நிறுவனம் வெளியிட்டது. அது வெளிவந்த கதையே வேடிக்கையானது. முதற்பக்கத்தின் மூல ஒலிநாடாவை ஹென்ட்ரிக்ஸ் வாடகை வண்டியிலே மறந்துவிட்டு இறங்கிவிட்டார். அது திரும்பக் கிடைக்கவே இல்லை. அவரும் சாண்ட்லரும் ஒலிப்பதிவாளர் எடி கிரேமரும் ஓரிரவு முழுவதும் விழித்திருந்து அப்பக்கத்தை மீண்டும் கலவை செய்தனர். ஒரு பாட்டு மட்டும் எவ்வளவு முயன்றும் முன்போல் அமையவில்லை. ரெடிங்கின் வீட்டில் அதன் பிரதி ஒன்று இருந்தது. அதுவும் கசங்கிக் கிடந்தது. துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியால் நாடாவைத் தேய்த்து நேராக்கிப் பயன்படுத்தினார்கள்.

உறையைப் பற்றிய யோசனை நடந்த காலம் எது என்பதையும் கவனிக்கவேண்டும். அவ்வாண்டு ஜூன் மாதம் வெளிவந்த பீட்டில்ஸ் குழுவினரின் புகழ்பெற்ற உறையில் பரமஹம்ச யோகானந்தர் முதலிய நான்கு இந்திய யோகியரின் முகங்கள் இருந்தன. காந்தியடிகளின் உருவமும் முதலில் வைக்கப்பட்டு, இந்திய மக்கள் மனம் புண்படலாமென்று அஞ்சி அகற்றப்பட்டது. ஆகஸ்டில் பீட்டில்ஸ் குழுவினர் மகரிஷி மகேஷ் யோகியிடம் தியானம் பயிலச் சென்றனர். ஊதுவத்தியும் உருத்திராட்சமும் சித்தார் ஓசையும் இலண்டன் வீதிகளில் நாகரிகமாகிவிட்டன. நம் கடைத்தெருக்களில் மலிவாக விற்கும் தெய்வப் படங்கள் அந்நகரத்து இளைஞரின் அறைச் சுவர்களையும் அலங்கரித்தன. ரவிவர்மா 1894இல் அச்சுக்கூடம் நிறுவித் தொடக்கிவைத்த தெய்வப்பட வாணிபம் இந்தியாவெங்கும் பல்கிப் பரவியது; பின்னாளில் சிவகாசியின் அச்சுக்கூடங்களும் அதிலே இறங்கின; கடல் தாண்டி எங்கள் லயங்களுக்கும் வந்தது; அறுபதுகளில் இலண்டனுக்கும் சென்றது.

டிராக் நிறுவனத்தின் சார்பில் டேவிட் கிங் என்பவரும் ரோஜர் லோ என்ற ஓவியரும் உறையை உருவாக்கினர். விராட புருஷனாகிய விஷ்ணுவின் அச்சுப் படம் ஒன்றை எடுத்து, கார்ல் பெரிஸ் பிடித்த புகைப்படத்தைப் பார்த்து மூவரின் முகங்களையும் அதன்மீது தீட்டிச் சேர்த்தார் லோ. கைத்திறனில் குறை சொல்வதற்கில்லை. நம் படத்தின் வண்ணங்களோடு அம்முகங்கள் ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. எண்பதுகளில் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் அரசியல்வாதிகளைக் கேலி செய்த ரப்பர்ப் பொம்மைகளை உருவாக்கிய இருவரில் ஒருவர் இதே ரோஜர் லோதான். ஆனால் இவ்வுறையில் கேலி இல்லை. என் மாணவனின் ஐயத்துக்கு நான் கண்ட முதல் விடை இது.

இரண்டாவது விடைதான் என்னை உறங்கவிடாதது. அந்தப் படத்தை ஹென்ட்ரிக்ஸ் கேட்கவே இல்லை! உறை ஆயத்தமான பின்னரே அவர் அதைக் கண்டார். படம் அழகாயிருப்பினும் தமக்கும் தம் தோழர்க்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பது அவருடைய மனக்குறை. தம் குருதியில் உள்ள இந்தியரை, அதாவது பாட்டி நோரா சொன்ன செரோக்கீயரை, அவ்வுறை காட்டியிருக்கலாமே என்று அவர் கருதினார். இந்தியச் சாயல் வேண்டும் என்ற சொல்லைக் கேட்டவர்கள் வேறு இந்தியாவுக்குப் போய்விட்டார்கள் என்பது பரவலாக வழங்கும் வரலாறு.

உறையைத் திறந்து உள்ளே இருக்கும் பாட்டுகளைக் கேட்டிருந்தால் இந்த மயக்கம் நேர்ந்திராது என்றே எனக்குத் தோன்றுகிறது. அத்தொகுதியிலேயே மணற்கோட்டைகளைப் பற்றிய பாட்டு ஒன்று உண்டு. அதன் நடுப்பகுதி ஓர் ஆதிக்குடிச் சிறுவனின் கதை. காட்டிலே நண்பர்களோடு போர் விளையாட்டு விளையாடி, வளர்ந்ததும் வீரத் தலைவனாகவேண்டும் என்று கனாக் கண்டவன் அவன். முதற்போருக்குப் புறப்படவேண்டிய நாளுக்கு முந்திய இரவில், எதிரிகளின் திடீர்த் தாக்குதலிலே, உறக்கத்தில் மாண்டுபோகின்றான். உள்ளே பாட்டில் அந்த இந்தியன். வெளியே உறையில் இந்த இந்தியா. இடையிலே ஓர் அட்டையின் கனந்தான்.

இந்தப் பிழை எங்கே தொடங்கியது? 1492இல் இந்தியாவைத் தேடிப் புறப்பட்ட கொலம்பஸ் வேறொரு கண்டத்தின் தீவுகளில் இறங்கி, அங்கு நின்றவர்களை இந்தியர் என்றழைத்தான். பிழை தெரிந்த பின்னும் பெயர் நீங்கவில்லை. அப்பெயரைச் சுமந்த செரோக்கீ மக்களை, 1830இல் இயற்றிய சட்டத்தின் பெயரால், 1838ஆம் ஆண்டு படையினர் வீடுகளிலிருந்து வெளியேற்றி மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் ஓட்டினர். வழியிலும் தடுப்பு முகாம்களிலும் ஏறத்தாழ நாலாயிரம் பேர் மாண்டனர். கண்ணீர்ப் பாதை என்று அப்பயணத்துக்குப் பெயர்.

வட்டகொடையில் இருந்துகொண்டு இதை வாசிப்பவனுக்கு வேறு சில நினைவுகள் எழாமல் இருக்க முடியுமா? 1911ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கிலே எங்களை இந்தியத் தமிழர் என்று தனியே எழுதினார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு, இங்கேயே பிறந்தவர்களையும் நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 3,00,000 பேரை இங்கே வைத்துக்கொள்வதென்றும் இரு பிரதமர்கள் உடன்பட்டனர். 1,50,000 பேரின் கதி பின்னர் பார்த்துக்கொள்ளப்படும் என்று விடப்பட்டது. எங்கள் சின்னையா குடும்பம் எழுபதுகளில் வட்டகொடை ஸ்டேசனில் புகைவண்டியேறித் தலைமன்னாருக்குப் போனது. அப்பாயி மேடையில் நின்று அழுதாள். அவர்களோ அதற்குமுன் இந்தியாவைக் கண்ணாற் கண்டதில்லை. நாடற்றோர் என எஞ்சியிருந்தவர்க்கெல்லாம் வழி திறந்த சட்டம் 2003இல்தான் வந்தது. நான் இரண்டு துயரங்களையும் ஒரே தராசில் வைக்கவில்லை. செரோக்கீயர் பட்டது வேறு. ஆனால் இந்தியன் என்று சொன்னால் கேட்பவன் எந்த இந்தியனை நினைப்பான் என்ற கவலை ஹென்ட்ரிக்ஸுக்கு மட்டும் உரியதன்று.

நம்மவர் சிலருக்கு இவ்வுறை மனத்தாங்கல் தந்ததும் உண்மை. 2014ஆம் ஆண்டில், இந்துக்களின் மனம் புண்படும் என்ற காரணத்தால், மலேசிய உள்துறை அமைச்சு இச்சித்திரத்தின் பயன்பாட்டைத் தடைசெய்தது. அந்நாட்டு இந்துக்களுள் பெரும்பான்மையோர் தமிழர். அவர்களுடைய உணர்ச்சியை நான் இகழமாட்டேன். வழிபடும் உருவில் வேற்று முகம் ஒட்டுவதை யார்தான் விரும்புவர்? ஆயினும் அந்த முகத்துக்குரியவரே அதை விரும்பவில்லை என்பதை அறிந்து சினந்தவர் எத்தனை பேர் என்று கேட்கத் தோன்றுகின்றது.

அடுத்த ஆண்டு, மூன்றாம் தொகுதியாகிய எலெக்ட்ரிக் லேடிலாண்ட் வெளிவரும் காலத்தில், ஹென்ட்ரிக்ஸ் முன்னெச்சரிக்கையாக நடந்துகொண்டார். தம் கைப்பட அமெரிக்க நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். லிண்டா ஈஸ்ட்மன் என்ற பெண்மணி எடுத்த புகைப்படத்தை உறையில் இடுமாறு கேட்டார். நியூயோர்க்கின் மத்திய பூங்காவில் ஆலிஸ் கதைச் சிற்பத்தின்மீது மூவரும் சிறு குழந்தைகளோடு அமர்ந்திருக்கும் படம் அது. நிறுவனத்தார் கடிதத்தைப் பொருட்படுத்தவில்லை. அமெரிக்காவில் அவருடைய முகத்தைச் செம்மஞ்சள் நிறத்தில் கலங்கலாகக் காட்டும் படத்தைப் போட்டனர். இங்கிலாந்திலோ ஆடையற்ற பத்தொன்பது பெண்களின் படத்தை உறையாக்கினர். அதைப் பல கடைக்காரர்கள் பழுப்புத் தாளில் சுற்றி விற்றனர். அவர் கேட்ட குழந்தைகளின் படம் உறையில் வந்தது 2018இல், ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பிலே. அவர் இறந்து நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்த பின்னர்.

எனினும் உடையை எவரும் அவருக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. 1969 ஆகஸ்ட் 18ஆந் தேதி, திங்கட்கிழமைக் காலை, வூட்ஸ்டொக் விழா மேடையில் அவர் ஏறினார். இலட்சக்கணக்கில் கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் மழையிலும் சேற்றிலும் களைத்துக் கலைந்துபோயிருந்தனர். அந்தக் காலை வெளிச்சத்தில் அமெரிக்காவின் தேசிய கீதத்தைச் சொற்களின்றிக் கித்தாரிலே மட்டும் வாசித்தார். இடையிடையே குண்டுகள் விழும் ஓசையும் அலறலும் அந்தத் தந்திகளிலிருந்தே எழுந்தன. வியட்நாமில் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. மாணவன் தன் கைப்பேசியில் அதைப் போட்டுக் காட்டினான். ரொக் இசையை இரசிக்கும் செவி எனக்கு இல்லை. ஆனாலும் அழுகையை அறியச் செவிப்பயிற்சி வேண்டியதில்லை. அப்பொழுது அவர் அணிந்திருந்தது, கைகளிலும் மார்பிலும் நீண்ட குஞ்சங்கள் தொங்கும் வெண்ணிற மேற்சட்டை. கை அசையுந்தோறும் குஞ்சங்கள் பறந்தன. வன்கூவரில் பாட்டி கொடுத்த சட்டை எனக்கு நினைவுக்கு வந்தது.

மறு ஆண்டு செப்டெம்பர் 18ஆந் தேதி இலண்டனிலே, உறக்க மாத்திரைகளை மிகையாக உட்கொண்டதனால், அவர் இறந்தார். வயது இருபத்தேழு. உலகறிந்த வாழ்க்கை நான்கே ஆண்டுகள். உடலைச் சியாட்டிலுக்குக் கொண்டுசென்று, அருகிலுள்ள ரென்டன் என்னும் ஊரில் அடக்கம் செய்தனர்.

மாணவன் மறுமுறை வந்தபோது இவற்றையெல்லாம் சொன்னேன். பனியனை இனிமேல் அணியலாமா கூடாதா என்று கேட்டான். அது உன் விருப்பம், கோயிலுக்குள் மட்டும் வேண்டாம் என்றேன். சற்று நேரம் அப்பாயியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கைப்பேசியில் எதையோ தேடி, ரென்டனில் உள்ள கல்லறைக் கல்லின் புகைப்படத்தைக் காட்டினான். கல்லிலே ஒரு கித்தாரைச் செதுக்கியிருக்கிறார்கள். அவர் ஆயுள் முழுவதும் தலைகீழாகத் திருப்பி வாசித்த வாத்தியம், அதிலே வலக்கைக்காரர் பிடிப்பதுபோல நேராக இருக்கின்றது.